அந்தக் காலத்திலேயே இருந்ததா?

கேள்வி: தமிழ்நாட்டுக்குப் பெண்கள் கிரிக்கெட் அணி அந்தக் காலத்திலேயே இருந்ததா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: எழுபதுகளிலேயே இருந்தது அம்மா. 1973-ல் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் தொடங்கியது. 1976-ல் பெங்களூரில் நம் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடியபோது சென்னையின் சுதா ஷாவும் விக்கெட் கீப்பர் ஃபவ்சியா கலீலியும் அணியில் இருந்தார்கள். சுதா ஷா பிறந்தது கண்ணூரில், ஆடியது நமக்காக. மொத்தம் 21 டெஸ்ட். 2005 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போன இந்திய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்பேன்.

அப்புறம் நம் தமிழ்நாட்டு வீராங்கனை திருஷ் காமினி. 2013 ஜனவரி 31, மும்பை பிரபோர்ன் மைதானம். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்! 99 தாண்டும்வரை டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அடுத்த வருடமே மைசூர் டெஸ்டில் 192. பூனம் ராவத்துடன் சேர்ந்து 275 ரன். இரட்டைச் சதத்துக்குக் குறைந்த அந்த எட்டு ரன் இன்னும் எனக்கு உறுத்துகிறது.