ஒரு கிளெய்ம்கூட இல்லை, பாலிசியை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. புகை, மது எதுவும் கிடையாது. சில வருடங்களாக மருத்துவக் காப்பீட்டுக்கு பிரீமியம் கட்டி வருகிறேன். ஒரு தடவைகூட கிளெய்ம் செய்ததில்லை. ஆனாலும் பிரீமியம் வருடாவருடம் ஏறிக்கொண்டே போகிறது. பாலிசியை நிறுத்திவிட்டு அதே தொகையை முதலீட்டில் போட்டு வந்தால், ஆஸ்பத்திரிச் செலவை நானே பார்த்துக்கொள்ள முடியாதா? இன்னொரு சந்தேகம். செல்போன் விலையெல்லாம் போட்டியால் இறங்குகிறதே, வைத்தியச் செலவு மட்டும் ஏன் இறங்குவதில்லை? அரசு தலையிடாமல் சந்தையின் போக்கில் விட்டால் சரியாகிவிடாதா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் ஒரு வருட பிரீமியத்தை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அறுவை சிகிச்சை ஒன்று, அதன்பின் சில நாள் ஐசியூ என்றால் பில் 30 வருகிறது என்று வைப்போம். வருடம் 8 சதவீத வருமானத்தில் நீங்கள் வருடத்துக்கு 1 போட்டு வந்தால், 30 சேர 15 வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் பில் தொகை அப்படியே நின்றால்தான். சிகிச்சைச் செலவும் அதே 8 சதவீதம் ஏறுகிறது, நீங்களும் போடும் தொகையை அதற்கேற்ப வருடாவருடம் ஏற்றுகிறீர்கள் என்றால் 30 வருடம். அதாவது உங்களுக்கு 66 வயதாகும்போது. தொகையை ஏற்றாமல் 1 என்றே போட்டு வந்தால் எந்த வருடமும் எட்டாது. நோய் அதுவரை காத்திருக்குமா, சொல்லுங்கள்.

ஆக, நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போதிருக்கிற பாலிசியை அப்படியே வைத்திருக்கச் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பிரீமியம் ஏன் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் எடுக்க நினைக்கும் முடிவும் அதற்கு ஒரு காரணம்.

வயதும் சிகிச்சைச் செலவும் ஏறுவது உங்களுக்கே தெரியும். மூன்றாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு திட்டத்தில் 100 பேர். அதில் 10 பேருக்கு வருடத்துக்குச் சராசரியாக ஆளுக்கு 10 செலவாகும். மீதி 90 பேருக்கு ஆளுக்கு 1. மொத்தம் 190. நிர்வாகச் செலவை விட்டுவிட்டால் ஆளுக்கு 1.9 பிரீமியம். ஆரோக்கியமான 90 பேரில் பாதிப் பேர் உங்களைப் போலவே, “எனக்கு 1தான் ஆகிறது, 1.9 எதற்கு?” என்று கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் 55 பேர், செலவு 145. பிரீமியம் 2.6 ஆகிறது. அதைப் பார்த்து இன்னும் 35 பேர் போகிறார்கள். இப்போது 20 பேர், செலவு 110, பிரீமியம் 5.5. கம்பெனி பேராசை பிடித்து ஏற்றவில்லை. யார் எவ்வளவு நோயாளி என்பது அவரவருக்குத் தெரிகிறது, கம்பெனிக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பொருளியலில் இதைப் பாதகத் தெரிவு என்பார்கள். பழைய கார் சந்தையை வைத்து 1970ல் இதை விளக்கிய ஜார்ஜ் அகர்லாஃப், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினம் என்பதற்கும் அதே விளக்கத்தைத்தான் கொடுத்தார். 2001ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை இது. 1990களின் நடுவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம், எந்தத் திட்டத்தை எடுத்தாலும் ஊழியருக்குத் தன் பங்காக ஒரே அளவு தொகைதான் தருவேன் என்று மாற்றியது. தாராளமான சலுகைகள் கொண்ட திட்டத்துக்கு ஊழியர் கையிலிருந்து போகும் பணம் கூடியது. இளைஞர்களும் ஆரோக்கியமானவர்களும் மலிவான திட்டங்களுக்கு மாறினார்கள், தாராளமான திட்டத்தின் பிரீமியம் எகிறியது, சில வருடங்களிலேயே அதை மூடிவிட்டார்கள்.

சரி, செல்போன் விஷயத்துக்கு வருவோம். செல்போன் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறீர்கள், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பி வருகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு வந்த அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது யாரும் கொட்டேஷன் கேட்பதில்லை. ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். எந்த டெஸ்ட் தேவை என்று சொல்பவரும், அதைச் செய்து காசு வாங்குபவரும் பல நேரம் ஒரே இடம்தான். தேவையைத் தீர்மானிப்பவரே விற்பவராகவும் இருந்தால் போட்டி எப்படி விலையை இறக்கும்? கென்னத் ஆரோ என்ற பொருளியலாளர் 1963லேயே இதை எழுதிவிட்டார்: நோய் எப்போது வரும் என்று தெரியாது, சிகிச்சை பலிக்குமா என்றும் தெரியாது, மருத்துவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. இந்தச் சந்தை மற்றவை மாதிரி நடக்காததற்கு இவையே காரணம்.

எல்லாச் சிகிச்சைக்கும் இது பொருந்தாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை செய்துகொள்பவர் ஆறு மாதம் யோசிக்கலாம், பல இடங்களில் விசாரிக்கலாம், பெரும்பாலும் சொந்தக் காசில் கட்டுகிறார். அங்கே சந்தை பரவாயில்லாமல் வேலை செய்கிறது. சந்தையே கூடாது என்பவர்களும், எல்லாவற்றையும் சந்தையிடம் விடு என்பவர்களும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

அரசு என்ன செய்ய முடியும்? ஆரோக்கியமானவர்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனி 1883ல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1948ல் வரிப் பணத்திலிருந்தே சிகிச்சை என்று போனது; அங்கே இப்போதுள்ள குறை பில் அல்ல, காத்திருக்கும் பட்டியல். சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் தனியார் கம்பெனிகள்தான் அடிப்படைக் காப்பீட்டை விற்கின்றன. ஆனால் எல்லோரும் வாங்கியாக வேண்டும், கம்பெனி யாரையும் மறுக்கக் கூடாது, நோயாளிகள் அதிகம் சேர்ந்த கம்பெனிக்கு மற்றவை ஈடுகட்ட வேண்டும். போட்டியையும் விட்டுவைத்து ஓட்டையையும் அடைக்கிற ஏற்பாடு என்பதால் எனக்கு இது பிடிக்கும். அமெரிக்காவிலும் 2010 சட்டம் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அபராதம் வைத்தது. 2019 முதல் கூட்டரசு அபராதம் பூஜ்யம். பலர் பயந்தபடி சந்தை சரிந்துவிடவில்லை. பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருவதால் நிறையப் பேர் உள்ளேயே இருந்தார்கள். உங்கள் நாட்டில் பிரீமியத்துக்கு வரிச் சலுகை இருந்தால் அதுவும் இந்த வகைதான், உங்களைப் போன்றவர்களை உள்ளே வைத்திருக்கக் கொடுக்கும் விலை.

இப்போது உங்கள் பாலிசி. காப்பீடு இருக்கிறதே என்று சின்னச் சின்னதற்கெல்லாம் ஆஸ்பத்திரி போகும் பழக்கமும் பிரீமியத்தை ஏற்றும். அமெரிக்காவில் ரான்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை ஒரு பெரிய சோதனை நடத்தியது. சிலருக்கு முழு இலவசச் சிகிச்சை, சிலருக்கு ஒரு வரம்பு வரை பெரும்பகுதி சொந்தக் காசு. பெரும்பகுதி சொந்தக் காசு கட்டிய குழுவின் செலவு, இலவசக் குழுவைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவசச் சிகிச்சை நன்றாகவே உதவியது. தவிர, சொந்தக் காசு கட்டியவர்கள் தேவையில்லாத சிகிச்சையை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்தே குறைத்தார்கள்.

இதை வைத்து உங்களுக்குச் சொல்வது: டிடக்டிபிள் அதிகமுள்ள பாலிசிக்கு மாறுங்கள். முதல் இவ்வளவு தொகை உங்கள் கையிலிருந்து, அதற்கு மேல் கம்பெனி. பிரீமியம் கணிசமாகக் குறையும். காய்ச்சல், சின்ன அடி போன்றவற்றுக்குக் காப்பீடு தேவையில்லை. குடும்பத்தைக் கவிழ்த்துவிடும் பில்லுக்குத்தான் வேண்டும். மிச்சமாகும் பணத்தை முதலீடு செய்யலாம், நீங்கள் கேட்டதும் அதுதானே. ஆனால் டிடக்டிபிள் தொகை முழுவதும் உடனே எடுக்கக்கூடிய கணக்கில் இருந்தாக வேண்டும், பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. அது இல்லையென்றால் இந்த மாற்றமே வேண்டாம். வருடாந்திரப் பரிசோதனையைக் காசை நினைத்துத் தள்ளிப்போடவும் கூடாது.

மாறும்போது முதலில் இப்போதைய கம்பெனியிடமே கேளுங்கள். சில நோய்களுக்கு முதல் சில காலம் கிளெய்ம் கிடைக்காது, அதைக் காத்திருப்புக் காலம் என்பார்கள்; அதில் இதுவரை ஓடியது புதிய பாலிசியிலும் கணக்கில் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பத்தில் குடும்ப நோய், எல்லையில் இருக்கும் சர்க்கரை அளவு எதையும் மறைக்காதீர்கள். கிளெய்ம் நிராகரிக்க அது ஒன்றே போதும். புதிய பாலிசி கைக்கு வரும்வரை பழையதன் பிரீமியத்தைத் தவறாமல் கட்டுங்கள்.