பதினோரு குண்டூசிகள்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆணியில் தாமிரக் கம்பி சுற்றி, ஒற்றை பேட்டரியில் இணைத்து, எத்தனை குண்டூசி தூக்குகிறது என்று வீட்டில் செய்து பார்த்தாள். 20 சுற்றுக்கு 6, 40-க்கு 10, 80-க்கு 11. ‘சுற்று இரண்டு மடங்கானால் வலிமையும் இரண்டு மடங்கு. 6, 12, 24 என்று மாற்றி எழுது’ என்கிறார் டீச்சர். பிள்ளை அழுகிறாள். டீச்சர் மனம் கோணாமல் அப்படியே எழுதிவிடச் சொல்லலாமா? கண்காட்சிக்கு ரெடிமேட் மாடல் வாங்கலாமா? அவளுக்கேற்ற தமிழ் அறிவியல் நூல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்., பல்லடம்

அன்புள்ள எஸ்.,

மாடல் வாங்காதீர்கள். நூல்களைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். சில நாட்களாக ஜோசப் ஹென்றியின் அளவீடுகள் மனதில் ஓடிக்கொண்டிருந்தன. உங்கள் மகளின் 6, 10, 11 நேராக அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஹென்றி அமெரிக்காவின் ஆல்பனி நகரில் பாடம் நடத்தியவர். லாட வடிவ இரும்பில், தலைக்கு 60 அடி நீளமுள்ள 9 கம்பிகளைத் தனித்தனியாகச் சுற்றினார். ஒரே சிறிய பேட்டரியில் அவற்றைக் கூட்டிக் கூட்டி இணைத்து எடை தூக்கிப் பார்த்தார். ஒரு கம்பிக்கு 7 பவுண்டு. நான்குக்கு 500. ஆறுக்கு 570. ஒன்பதுக்கு 650. இந்த எண்களை 1831-ல் அப்படியே அச்சில் கொடுத்தார். நான்குக்கு 500 என்றால் ஒன்பதுக்கு 1125 வந்திருக்க வேண்டுமே என்று எதையும் நிமிர்த்தி வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது? ஒன்று கேட்கிறேன்: 20 சுற்று சுற்றியபோது மிச்சக் கம்பியை வெட்டிவிட்டாளா? வெட்டியிருந்தால் 80 சுற்றுக்கு நான்கு மடங்கு நீளக் கம்பி. மின்தடையும் நான்கு மடங்கு. அதனால் மின்னோட்டம் குறையும். காந்தத்தின் வலிமைக்குச் சுற்று மட்டும் கணக்கல்ல, சுற்றையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதுதான் கணக்கு. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டால் 24 எங்கிருந்து வரும்? இத்தனை குட்டைக் கம்பி ஒற்றை பேட்டரியைக் கிட்டத்தட்ட ஷார்ட் செய்வது போலத்தான். பேட்டரி கையில் சுட்டிருக்கும். 80-ஐக் கடைசியாகச் செய்திருந்தால், அதற்குள் அது பாதி சோர்ந்திருக்கும். அந்தப் 11-க்குள் இவ்வளவும் இருக்கிறது. அதை அழித்து 24 என்று எழுதச் சொல்லலாமா என்று, பெற்ற தகப்பன், என்னிடம் கேட்கிறீர்கள்.

டீச்சர் மனம் கோணக்கூடாது, சரி. பிள்ளையின் மனம் கோணலாமா?

பிளஸ் டூவில் என் செய்முறை நோட்டிலும் சிவப்பு மையால் அடித்து ‘சரியான’ விடையை எழுதினார்கள். அதன்பின் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதப் பழகினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த விடுமுறையில் கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கருகிய மோட்டார் வந்தால் மேஸ்திரி முதலில் செய்வது, பழைய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரிப்பது. வார்னிஷ் கருகிய வாடை மூக்கில் ஏறும். நான் எண்ணி நோட்டில் எழுத வேண்டும். ஒருநாள் 59-ல் எண்ணிக்கை குழம்பியது. பக்கத்து ஸ்லாட்டில் (கம்பிச் சுற்று உட்காரும் பள்ளத்தில்) 62 இருந்ததே என்று 62 எழுதினேன். அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. வெட்டிப் போட்டிருந்த கம்பிக் கட்டைக் குப்பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார்.

“கண்ணு, இருக்கறத எழுது. இருக்கோணும்னு நெனைக்கறத எழுதாத. மோட்டாருக்கு உன்ற நோட்டு தெரியாது.”

மறுபடி எண்ணினேன். 61. முந்தைய ஆள் குறைத்துக் கட்டியிருந்தான். மோட்டார் ஏன் சூடேறிக்கொண்டே இருந்தது என்று தேடிப்போக அந்த ஒரு சுற்றுதான் முதல் துப்பு.

ஆணி கடினமான எஃகாக இருந்தாலும் சிக்கல்தான், காந்தத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஊசிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம். ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள், அந்தப் பிடி தளரும். இதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளை வேண்டாம்.

பிறகு 80 சுற்றுக்கான கம்பியை வெட்டாமல் வைத்துக்கொண்டு, முதலில் 20 சுற்று மட்டும் சுற்றட்டும். மிச்சம் சுருளாமல் மேசையில் நீளமாகக் கிடக்கட்டும். அடுத்து 40, பிறகு 80. ஒவ்வொரு முறையும் எண்ணி முடித்ததும் இணைப்பைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பேட்டரிக்கு ஓய்வு. அப்படியே 80, 40, 20 என்று திரும்பி வரட்டும். போகும்போது வந்த எண்ணும் திரும்பும்போது வரும் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், பேட்டரியா ஆணியா என்று அவளே யோசிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளி நோட்டில் இரண்டு பட்டியலும் இருக்கட்டும், முதலாவது மேலே. டீச்சரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். பாடம் முடிக்கும் அவசரத்தில் சொல்லியிருப்பார். ஆணியையும் கம்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். புதிய எண்கள் வந்ததும் பாப்பாவையே அவள் கையெழுத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.