ஒரே குவியல், இரண்டு பை

அன்புள்ள ஐயா,
நான் உப்புவெளிப் பையன். மேற்கு அவுஸ்திரேலியாவில் திறந்தவெளித் தங்கச் சுரங்கமொன்றில் வெடிதுளைகளில், அதாவது வெடிமருந்து வைக்கத் துளைக்கும் துளைகளில், மாதிரி எடுக்கிறேன். ஒரே துளையின் வாயைச் சுற்றிக் குவியும் தூளிலிருந்து இரண்டு பை அனுப்பினால் ஒன்றில் தங்கம் தொன்னுக்கு 0.6 கிராம், மற்றது 2.1 கிராம் என்று வருகிறது. ஆய்வுகூடத்தின் பிழை என்கிறார்கள். ஆய்வுகூடத்தை மாற்றினால் சரிவருமா?

அன்புள்ள தம்பி,
எனக்கு ஆய்வுகூடத்தில் அவ்வளவு சந்தேகம் இல்லை. உங்கள் சவளில்தான் சந்தேகம்.

நம் புல்மோட்டை மணலை ஒரு பிடி அள்ளினாலே இல்மனைற்றுக் கனிமம் கறுப்பாகக் கண்ணில் படும். தங்கமோ தொன்னுக்கு ஒரு கிராம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் சீராகப் பரவியிருக்காது. தங்கத்தின் ஒரு பெரிய துணிக்கை ஒரு பைக்குள் விழுந்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

குவியலைக் கவனித்தீர்களா? துளையின் அடியிலிருந்து கடைசியாக வந்த தூள்தான் உச்சியில் கிடக்கும். நுண்தூளில் ஒரு பகுதி காற்றோடு போயிருக்கும். துளையை இப்போது வெட்டும் படியின் தளமட்டத்துக்குக் கீழேயும் கொஞ்சம் இறக்குவார்கள், அந்தத் தூள் அதற்கு அடுத்த படிக்கு உரியது. அதுவும் மேலேயே கிடக்கும். உச்சியில் ஒரு சவள் அள்ளினால் எதை அளக்கிறீர்கள்? துளையிட முன்பே அருகில் ஆப்பு வடிவத் தட்டை, கூர்முனை துளையை நோக்கி இருக்கும்படி வையுங்கள். தட்டில் விழுந்தது முழுவதையும் எடுங்கள். நிறை கூடினால் தூளைச் சமமாகப் பங்கிடும் பிரிப்பானில் போட்டுக் குறையுங்கள், கையால் அள்ளிக் குறைக்க வேண்டாம். பெரிய கல்லோடு குறைப்பதும் ஆபத்து. மாதிரியெடுப்புக் கோட்பாட்டை வகுத்த பிரெஞ்சுக்காரர் பியர் ஜீ காட்டியபடி மாதிரிப் பிழையின் மாறுபாடு துணிக்கை அளவின் மும்மடியோடு ஏறும், அதனால் முதலில் நொறுக்கு, பிறகு பிரி. தூளை உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் தீச்சோதனைக்குப் போவது கடைசியில் 30 அல்லது 50 கிராம்தான்.

மேலிடம் செலவழிக்கத் தயார் என்றால் எதிர்ச்சுழற்சித் துளையிடலைக் கேளுங்கள். தூள் குழாயின் உட்புறமாக ஏறி வருவதால் கலப்பு குறைவு. பல படிகளை வெடிக்கு முன்பே பார்த்துவிடலாம். விலைதான் கொஞ்சம் கூட. ஆனால் 0.6ஐ நம்பி நல்ல தாதுவைக் கழிவு மேட்டில் கொட்டுவது மலிவா?

சரி, ஆய்வுகூடம் குற்றவாளியா என்று அறியவும் வழி உண்டு. அரைத்து முடிந்த அதே தூளை வேறு இலக்கமிட்டு, சொல்லாமல் திருப்பி அனுப்புங்கள். இரண்டு விடையும் ஒத்துப்போய், குவியலில் எடுத்த இரட்டை மாதிரிகள் மட்டும் முரண்பட்டால் பிழை சுரங்கத்தில் மாதிரி எடுக்கும்போது நடக்கிறது. தூளே முரண்பட்டால் பெரிய துணிக்கைகளாக உள்ள பருக்கைத் தங்கமாக இருக்கலாம். சலித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு பைகளின் மிச்சத் தூளை எறிந்துவிட்டார்களா என்று நாளைக்கே கேளுங்கள்.