ஒரு லேப்டாப், ரெண்டு எடிட்டர்: கேள்வி பதில்

விஎஸ் கோட் என்பது மைக்ரோசாஃப்டின் கோட் எழுதும் எடிட்டர். விஎஸ்கோடியம் அதே மூலக் கோடிலிருந்து, மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் அனுப்பும் பகுதியை முடக்கி உருவாக்கியது. ஒரே மெஷினில் ரெண்டையும் வைத்திருக்கும் சேலத்து ஆட்களின் கேள்விகள்.

அஸ்தம்பட்டி: அண்ணா, ஒண்ணோட செட்டிங்ஸ் இன்னொண்ணுல போய் ஒட்டிக்குமா?

ஒட்டாது தம்பி. விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங்குக்குள் ரெண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர். எக்ஸ்டென்ஷன்களும் (எடிட்டரில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகள்) தனி. பழைய செட்டிங்ஸ் புதியதிலும் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் 'யூசர்' ஃபோல்டரிலிருந்து செட்டிங்ஸ், கீபைண்டிங்ஸ் (கீபோர்டு குறுக்குவழிகள்) ஃபைல்களையும் ஸ்னிப்பெட்ஸ் (அடிக்கடி எழுதும் கோட் துண்டுகள்) ஃபோல்டரையும் காப்பி அடித்துப் போடுங்கள். காப்பி பண்ணும்போது ரெண்டு எடிட்டரும் மூடியிருக்கட்டும்.

அம்மாப்பேட்டை: அப்புறம் ஏண்ணா ஒண்ணுல சேவ் பண்ணின ஃபைலை இன்னொண்ணுல சேவ் பண்ணா கிட்டுல (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ற கருவி) நூறு வரி மாறினதா காட்டுது?

சண்டையே இங்கேதான். உங்கள் செட்டிங்ஸ் தனி, ஆனால் புராஜெக்டுக்குள் இருக்கும் 'டாட் விஎஸ்கோட்' ஃபோல்டர் பொது. பெயர் அப்படியிருந்தாலும் விஎஸ்கோடியமும் அதைத்தான் படிக்கும். யூசர் செட்டிங்ஸை அது மீறவும் செய்யும். சேவ் பண்ணும்போதே ஃபார்மட் ஆகணும் என்று அதில் எழுதியிருந்து, ஒரு பக்கம் கோடை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியர் என்ற ஃபார்மட்டரும் மறுபக்கம் எடிட்டரோடு வந்த ஃபார்மட்டரும் இருந்தால், மாற்றி மாற்றிக் கலைத்துப்போடும். ரெண்டிலும் ஒரே ஃபார்மட்டரைப் போட்டு, இடைவெளி, மேற்கோள் குறி விதிகளை புராஜெக்டில் இருக்கும் பிரிட்டியர் கான்ஃபிக் ஃபைலில் எழுதிவிடுங்கள். தீம், எழுத்தளவு மாதிரி சொந்த விருப்பங்களைப் பொது ஃபோல்டரில் போடவே கூடாது. கூட வேலை செய்பவர் திட்டுவார், நியாயமாகவே.

ஏற்காடு: சார், எஸ்டேட் பக்கம் நெட் விட்டு விட்டுத்தான் வரும். விஎஸ்கோடியத்துல பைலான்ஸும் கிடைக்கல.

பைத்தான் கோட் எழுத உதவும் எக்ஸ்டென்ஷனான பைலான்ஸ் மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கு. அதன் எடிட்டர்களுக்கு மட்டும்தான் உரிமம். விஎஸ்கோடியம் எக்ஸ்டென்ஷன்களை ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுக்கிறது. அங்கே பைலான்ஸுக்கு மாற்றாக பேஸ்டுபைரைட் இருக்கிறது, பைத்தானுக்குத் தாராளமாகப் போதும். நெட்டுக்கு வழி: கீழே சேலம் வரும்போது எக்ஸ்டென்ஷனை விஎஸ்ஐஎக்ஸ் ஃபைலாக (எக்ஸ்டென்ஷனின் இன்ஸ்டால் ஃபைல்) இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப்போங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் அதை இன்ஸ்டால் பண்ணும் வசதி உண்டு.

சூரமங்கலம்: 8 ஜிபி ரேம் தாங்குமா?

ரெண்டும் எலக்ட்ரான், அதாவது உள்ளே ஒரு பிரவுசரையே வைத்து ஓடும் வகை. தாங்கும், ஆனால் ஒரே புராஜெக்டை ரெண்டிலும் திறந்தால் கோடைப் படித்துப் பிழை காட்டும் லாங்குவேஜ் சர்வரும் ரெண்டு ஓடும். அது வீண்.

குகை: எது எந்த விண்டோன்னே தெரியாம மாத்தி மாத்தி டைப் பண்றேன் அண்ணா.

டைட்டில் பார் நிறத்தை ஒன்றில் மாற்றுங்கள், யூசர் செட்டிங்ஸில். புராஜெக்டில் மாற்றினால் ரெண்டும் ஒரே நிறமாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை: ஆபீஸ் வேலை, சொந்த வேலை பிரிக்கத்தான் ரெண்டு வச்சிருக்கேன். அவசியமா சார்?

அதற்கு மட்டுமென்றால் தேவையில்லை. 2023 முதல் விஎஸ் கோடிலேயே புரொஃபைல் (வேலைக்கு ஒன்றாகத் தனி அமைப்பு) வசதி இருக்கிறது. செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன், கீபைண்டிங்ஸ் எல்லாம் புரொஃபைலுக்குத் தனித்தனி. எந்த ஃபோல்டருக்கு எந்த புரொஃபைல் என்பதையும் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போகக்கூடாது என்பவர்களுக்கு விஎஸ்கோடியம் சரி. மற்றபடி இடதுபக்கம் கீழே இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி இன்றைக்கே ஒரு புரொஃபைல் போட்டுப் பாருங்கள்.