யாழ்ப்பாணத் தீவுகளுக்கு அம்மாவைக் குழுவோடு அனுப்பலாமா?

அறுபது தாண்டிய அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் குழுச் சுற்றுலாவில் தனியாக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். நானும் 64 வயதில் அப்படிப் போனவள்தான். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. உங்கள் கதையும் அதுவாகத்தான் இருக்கும். "குழுவோடு போவதெல்லாம் ஆட்டு மந்தை" என்று இங்கே சிலர் வந்து சொல்வார்கள். முழங்கால் வலியோடு, நயினாதீவுக்குப் படகு பிடிக்கும் குறிகட்டுவான் துறையில் ஏறி இறங்கிவிட்டுச் சொல்லட்டும்.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியதுமே இரண்டு பக்கமும் கடல். வேலணை, புங்குடுதீவு வரை பஸ்ஸிலேயே போய்விடலாம். அப்புறம் படகுதான். நயினாதீவில் நாகபூசணி அம்மனையும், கொஞ்சம் தள்ளி இருக்கும் பௌத்தக் கோயிலான நாகவிகாரையையும் நிதானமாகப் பார்க்க விட்டார்கள், அதில் குறையில்லை. நெடுந்தீவு திட்டத்திலேயே இல்லை. அம்மாவுக்குக் குதிரைகளும் பவளக்கல் மதில்களும் பார்க்க ஆசையென்றால் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலணையில் ஒரு வீட்டில் பனையோலை வேலை காட்டினார்கள். அந்த வீட்டுக்கார அம்மா நீத்துப்பெட்டி பின்னிக்கொண்டிருந்தார். பானை வாயில் செருகிப் பிட்டு அவிக்கும் கூம்புப் பெட்டி அது. குருத்தோலையில் ஈர்க்கை உரித்து, கட்டைவிரல் நகத்தாலேயே கீறி, எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்னினார். கை தானாகப் போகிறது. "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று, குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டியைப் பிரித்துப் பனங்கட்டியை, அதாவது கருப்பட்டியை, உடைத்து ஆளுக்கொரு துண்டு கையில் வைத்தார். அதைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டுமாம்.

தண்ணீர் கொதிப்பதற்குள் எங்கள் டூர் மேனேஜர் விசில் ஊதிவிட்டார். 20 நிமிடம் முடிந்ததாம். அதே மனிதர் அன்று சாயங்காலம் புடவைக் கடையில் எங்களை 2 மணி நேரம் உட்காரவைத்தார். கமிஷன் என்று நான் சொல்லவில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் 38 பேர் காத்திருக்க, குடித்துவிட்டுத்தான் போனேன். முணுமுணுத்தார்கள். என் பக்கமும் தப்பு உண்டு, சரி. ஆனால் போன இடத்திலும் இட்லி சாம்பார்தான் வேண்டும் என்று தினமும் காலையில் அரைமணி தாமதமாக்கியது யார்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாக வருகிறவர்களுக்கு அறைக்கென்று கூடுதலாகப் பிடிக்கிறார்கள். வேறொரு பெண் அறையைப் பகிர்ந்துகொண்டால் குறைப்பார்களாம். என் குழுவில் வந்ததெல்லாம் ஜோடிகள். புருஷன் போய்விட்டதற்கு அபராதமா என்று ஆபீஸில் கேட்டேவிட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கையில் இலங்கை ரூபாய் நோட்டாகக் கொடுத்தனுப்புங்கள், பனையோலை வேலை செய்யும் அந்த மாதிரி வீடுகளில் கார்டு செல்லாது. நான் நீத்துப்பெட்டி இரண்டு வாங்கினேன். ஒன்றை மருமகள் அழகுக்கென்று ஹால் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். மற்றதில் வாரம் ஒருநாள் பிட்டு அவிக்கிறேன்.