கல்லியோன் தள்ளுபடி செய்த வழக்கு

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரே விவாதம். என் மைத்துனர் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, நற்செய்திகள் எல்லாமே 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை, மிகப் பழைய துண்டே 125ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான் என்கிறார். எங்கள் சபை மூப்பர் ஒருவரோ, எருசலேம் ஆலயம் 70இல் இடிந்ததைப் புதிய ஏற்பாடு எங்குமே நடந்த செய்தியாகச் சொல்லவில்லை, ஆகவே அத்தனையும் 70க்கு முன் எழுதப்பட்டவை என்கிறார். இறையியல் படிக்கும் நண்பர் ஒருவர் வேறொரு சூத்திரம் வைத்திருக்கிறார்: யூத வாசனை அதிகம் வீசும் நூல் பழையது, குறைவாக வீசுவது பிந்தியது. அந்தக் கணக்குப்படி திதாக்கே என்ற பழைய கிறிஸ்தவச் சபை ஒழுங்கு நூல் நற்செய்திகளுக்கும் முந்தியதாம். இதில் யார் சொல்வது சரி? கிறிஸ்தவம் யூத மதத்திலிருந்து எப்போதுதான் பிரிந்தது? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ச., நாகர்கோவில்


அன்புள்ள ச.,

உங்கள் மைத்துனரின் கட்சியை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. மிகப் பழைய பிரதியின் வயதும் நூலின் வயதும் ஒன்றல்ல. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். புறநானூற்றுக்கு நம் கையில் இருக்கும் ஏடுகள் சில நூற்றாண்டுப் பழமை கொண்டவைதான். அதற்காகப் புறநானூறு நாயக்கர் காலத்து நூல் என்று யாரும் சொல்வதில்லை.

அவர் சொல்லும் துண்டு மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் எழுத்து உண்டு, ஒரு வரியும் முழுதாக இல்லை. பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் இடம், யோவான் 18ஆம் அதிகாரம். 1920இல் எகிப்தில் வாங்கப்பட்டு, 1935இல் சி. எச். ராபர்ட்ஸால் பதிப்பிக்கப்பட்டது. அதில் தேதி ஏதும் கிடையாது. எழுத்தின் சாயலை, தேதி தெரிந்த வேறு பப்பைரஸ் (நாணல் தாள்) ஏடுகளோடு ஒப்பிட்டுத்தான் 2ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று அவர் கணித்தார். ஒரு எழுத்தர் இருபது வயதில் பழகிய கையெழுத்தையே அறுபது வயதிலும் எழுதுவார். ஆகவே இந்த முறையில் ஒற்றை ஆண்டைக் குறிப்பிடவே முடியாது. 2005இல் ப்ரெண்ட் நோங்ப்ரி என்ற ஆய்வாளர், 2ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும்கூட ஒதுக்கிவிட முடியாது என்று எடுத்துக்காட்டினார். '125' என்று அடித்துச் சொல்பவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

சரி, உறுதியான ஒரு முளை எங்காவது அடிக்கப்பட்டிருக்கிறதா? இருக்கிறது. டெல்ஃபியில் கிடைத்த ஒரு கல்வெட்டு, துண்டு துண்டாக உடைந்தது. அதன் முதல் நான்கு துண்டுகள் 1905இல் வெளியாயின. டெல்ஃபியில் குடிமக்கள் குறைந்துபோனதைப் பற்றிப் பேரரசர் கிளாடியஸ் எழுதிய கடிதம் அது. அதில் "என் நண்பரும் ஆளுநருமான கல்லியோன்" என்று ஒரு குறிப்பு வருகிறது. கிளாடியஸ் 26ஆவது முறை வெற்றி வாழ்த்துப் பெற்ற பிறகு எழுதப்பட்டது என்றும் இருக்கிறது. 27ஆவது வாழ்த்து 52ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1க்கு முன்பே வந்துவிட்டது என்பது ரோமில் உள்ள ஒரு நீர்க்கால்வாய்க் கல்வெட்டால் தெரியும். இப்படிப்பட்ட ஆளுநர் பதவி பொதுவாக ஓராண்டுதான். ஆகவே கல்லியோன் அகாயாவை, அதாவது கொரிந்து இருந்த கிரேக்க மாகாணத்தை, ஆண்டது 51-52 வாக்கில் என்று முடிச்சுப் போட்டுவிடலாம். இவர் தத்துவவாதி செனெக்காவின் உடன்பிறந்த அண்ணன்.

இந்தக் கல்லியோன் முன்னால்தான் பவுல் நிறுத்தப்பட்டார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள், 18ஆம் அதிகாரம். கொரிந்துவில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார் என்றும் அதே இடத்தில் வருகிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் அந்தக் கொரிந்து நாள்களில் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படியானால் அது 50 அல்லது 51. இன்று நம்மிடம் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையது அதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்ற தேதிகளெல்லாம் இந்த முளையில் கயிறு கட்டி அளந்தவை.

அந்த அதிகாரத்தைத் தேதிக்காக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் இன்னொரு கேள்விக்கும் பதில் அங்கேயே தொடங்குகிறது. பவுல் பிரசங்கம் செய்த வீடு ஜெப ஆலயத்துக்கு அடுத்த வீடு, சுவரோடு சுவர். ஜெப ஆலயத் தலைவர் கிறிஸ்பு குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்துவிடுகிறார். இந்தக் கிறிஸ்புவுக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பவுலும் தம் கடிதத்தில் எழுதுகிறார், ஆக இது கதைக்காகச் சேர்த்த பெயர் இல்லை. மற்றவர்கள் கொதித்துப்போய் ஆளுநரிடம் இழுத்துப் போகிறார்கள். பவுல் வாயைத் திறக்கும் முன்பே கல்லியோன் முடித்துவிடுகிறார்: குற்றம் என்றால் விசாரிப்பேன், இது உங்கள் வேதத்தையும் பெயர்களையும் பற்றிய உங்களுக்குள்ளான தகராறு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு தள்ளுபடி. அதாவது ரோம அதிகாரியின் கண்ணுக்கு அங்கே இரண்டு மதங்கள் தெரியவில்லை. நடபடிகளை எழுதிய லூக்கா இதைப் பல பத்தாண்டுகள் கழித்து, தமக்குச் சாதகமாகத்தான் எழுதுகிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் 50களில் நிலைமை இப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்பத் தடையில்லை. பவுலே தம்மைப் பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன் என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

இனி மூப்பரின் வாதம். அதை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஜான் ராபின்சன் என்ற ஆங்கிலிக்க ஆயர் 1976இல் இதையே பெரிய நூலாக எழுதினார், புதிய ஏற்பாடு முழுவதும் 70க்கு முன் என்று. அவரை மறுத்தவர்கள் அதிகம், ஆனால் யாரும் சிரித்துத் தள்ளவில்லை. 70இல் ரோமத் தளபதி தீத்து எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தார். மாற்கு 13இல் இயேசு, ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். இது நடந்தபின் எழுதப்பட்ட முன்னறிவிப்பு என்று பல பேராசிரியர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இந்த வாதம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். ஏனென்றால் அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் இன்னொரு இயேசுவைப் பற்றிச் சொல்கிறார், அனனியாவின் மகன், சாதாரணக் குடியானவர். ரோமரோடு போர் தொடங்க நாலு ஆண்டு முன்பு, ஊர் அமைதியாக இருந்தபோதே, எருசலேமுக்கு ஐயோ, ஆலயத்துக்கு ஐயோ என்று தெருத்தெருவாகக் கத்தத் தொடங்கினார். பெரியவர்கள் பிடித்து ஆளுநர் அல்பீனுவிடம் ஒப்படைத்தார்கள். எலும்பு தெரியும்வரை சவுக்கடி. ஒவ்வோர் அடிக்கும் அதே ஐயோதான். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேல் கத்தி, முற்றுகையின்போது ரோமரின் எறிபொறியிலிருந்து வந்த கல் பட்டுச் செத்தார். ஆலயம் விழும் என்று சொல்ல 70வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் மாற்கையும் மத்தேயுவையும் லூக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கதை மாறுகிறது. மாற்கு மூடுமந்திரமாக 'பாழாக்குகிற அருவருப்பு' என்று சொல்லும் இடத்தில் லூக்கா, எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதைக் காணும்போது என்று பச்சையாக எழுதுகிறார். அதைவிட மத்தேயு 22. அரசன் மகனுக்குக் கல்யாண விருந்து வைக்கிறான். கொழுத்த கன்றுகள் அடிக்கப்பட்டுச் சமையல் தயார். அழைத்தவர்கள் வரவில்லை, அழைக்கப் போன ஊழியர்களையும் கொன்றுவிடுகிறார்கள். உடனே அரசன் படையை அனுப்பி அவர்களைக் கொன்று, அவர்கள் பட்டணத்தையும் எரிக்கிறான். அப்புறம் திரும்பி, விருந்து தயாராக இருக்கிறது, தெருவில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள் என்கிறான்! ஒரு படையெடுப்பு முடியும்வரை சோறு ஆறாமல் இருந்ததா? லூக்கா 14இல் இதே உவமை இருக்கிறது, அங்கே எரியும் பட்டணம் இல்லை. மத்தேயுவின் கண்ணில் எரிந்துபோன எருசலேம் நின்றுகொண்டிருந்தது, கதை பொருந்துகிறதோ இல்லையோ அதை உள்ளே கொண்டுவந்துவிட்டார். எனக்கு இதுதான் வலுவான சாட்சி. ஆகவே மாற்கு 70ஐ ஒட்டி, முன்னோ பின்னோ. மத்தேயுவும் லூக்காவும் அதற்கு ஒன்றிரண்டு பத்தாண்டுகள் பின்பு. யோவான் நூற்றாண்டின் இறுதி. இதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு, நானும் இதையே ஏற்கிறேன்.

எபிரெயர் நிருபம் ஆலயப் பலிகளை நிகழ்காலத்தில் பேசுகிறதே என்று மூப்பர் அடுத்துக் கேட்பார். யோசேபஸும் ஆலயம் சாம்பலாகி இருபது ஆண்டுக்கு மேல் ஆனபிறகு அதே பலிகளை நிகழ்காலத்தில்தான் விவரிக்கிறார். வேதத்தில் எழுதியிருப்பது யூதருக்கு எப்போதும் நடப்பில் இருப்பதுதான்.

உங்கள் நண்பரின் சூத்திரத்துக்கு வருவோம். உண்மையில் என்னை எழுத வைத்தது இதுதான், ஏனென்றால் இது படித்தவர்கள் செய்யும் தவறு. யூதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கிரேக்க உலகுக்கு நகர்ந்தது, ஆகவே யூதச் சாயலைக் கொண்டே வயதை அளந்துவிடலாம் என்ற நினைப்பு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் டூபிங்கனில் பௌர் என்ற இறையியலாளர் இப்படித்தான் பேதுரு கட்சி, பவுல் கட்சி, இரண்டும் சமரசமான கட்சி என்று பிரித்து, யோவானை 2ஆம் நூற்றாண்டுக்குள் வெகுதூரம் தள்ளினார்.

நம்மிடம் உள்ள நூல்களே இதற்கு இடம் கொடுக்கவில்லை. மிகப் பழைய எழுத்துகள் பவுலுடையவை. புறஜாதியார் விருத்தசேதனம் செய்யத் தேவையில்லை என்று சண்டை போடுவதும் அவரே. யூதரைப் பற்றிய மிகக் கடுமையான வரிகளில் சில, அதே முதல் தெசலோனிக்கேயரில் 2ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிற்சேர்க்கை என்று கருதுபவர்களும் உண்டு. மாற்கோ, பரிசேயர் கை கழுவும் வழக்கத்தைத் தன் வாசகர்களுக்கு நின்று விளக்க வேண்டியிருக்கிறது. அவரைப் பார்த்து எழுதிய மத்தேயு அந்த விளக்கத்தை விட்டுவிடுகிறார், அவருடைய ஆட்களுக்கு அது தெரியும். பிந்திய நூல்தான் இங்கே அதிக யூதமானது. நூற்றாண்டின் கடைசியில் வைக்கப்படும் வெளிப்படுத்தின விசேஷத்தில் எசேக்கியேலும் தானியேலும் இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

திதாக்கேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். கான்ஸ்டான்டினோபிளில் ஒரு மடத்து நூலகத்தில் 1873இல் பிரையெனியோஸ் என்ற கிரேக்க ஆயர் கண்டெடுத்த ஏட்டில் இது இருந்தது. அந்தப் பிரதி எழுதப்பட்டது 1056இல். அச்சில் வந்தது 1883இல். வாழ்வின் வழி, சாவின் வழி என்ற இரண்டு வழிகளோடு தொடங்குகிறது. சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் கிடைத்த யூதச் சமூக விதிச் சுருளிலும் இதற்கு நெருங்கிய உறவான பகுதி உண்டு. நன்றிப் பந்தி ஜெபத்தில் 'உம் ஊழியன் தாவீதின் பரிசுத்த திராட்சைச் செடிக்காக' நன்றி சொல்கிறார்கள். சிலுவையோ மரணமோ அந்த ஜெபங்களில் இல்லை, யூத வீடுகளில் சாப்பாட்டுக்குப் பின் சொல்லும் நன்றி ஜெபத்தின் அச்சு. இதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் மயங்கியிருக்கிறார்.

ஆனால் 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மாயக்காரரோடு உபவாசம் இருக்காதீர்கள், அவர்கள் திங்களும் வியாழனும் இருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்! வாரம் இரண்டு நாள் என்ற கணக்கு அப்படியே, கிழமை மட்டும் வேறு. அடுத்த வரியே ஜெபம், மத்தேயுவில் இருக்கும் பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. மூன்று வேளை என்பதும் யூத வழக்கம். பக்கத்து வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா என்பது தெரியும் தூரத்தில் வாழ்ந்தவர்கள்தான் இப்படி விதி போடுவார்கள். நெருக்கம்தான் இந்தக் கோபத்துக்குக் காரணம். இந்த நெருக்கம் 60இலும் இருக்கலாம், 110இலும் இருக்கலாம். அதை வைத்து வயது சொல்ல முடியாது. பலரும் 100ஐ ஒட்டி வைக்கிறார்கள், மத்தேயுவின் வாசகங்களைத் தெரிந்தவர்கள்போல் பேசுவதால் எனக்கும் அது ஒத்துவருகிறது.

எப்போது பிரிந்தது என்பதற்கு ஒரு தேதி கேட்காதீர்கள். ஆனால் கோடு கிழித்ததில் வரிக்கு ஒரு பங்கு உண்டு. 70க்குப் பிறகு பேரரசர் வெஸ்பாசியன், யூதர்கள் எருசலேம் ஆலயத்துக்குக் கொடுத்துவந்த பணத்துக்கு ஈடாக ஆண்டுக்கு இரண்டு திராக்மாவை ரோமின் யூபித்தர் கோயிலுக்குக் கட்ட வைத்தார். டொமீஷியன் காலத்தில் வசூல் கெடுபிடியானது. தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரை அதிகாரியின் முன்னால், கூட்டத்துக்கு நடுவே, விருத்தசேதனம் ஆகியிருக்கிறதா என்று சோதித்ததை இளவயதில் பார்த்ததாக ரோம வரலாற்றாசிரியர் சுவேத்தோனியஸ் எழுதுகிறார். 96இல் பதவிக்கு வந்த நெர்வா இந்த அநியாயத்தை நிறுத்தியதாக நாணயமே அடித்தார். நீ யூதனா இல்லையா என்று ரோம அரசு கேட்கத் தொடங்கியபிறகு, இயேசுவை நம்பிய யூதரும் புறஜாதியாரும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

அப்படியும் ஜனங்கள் பிரிந்துவிடவில்லை. 386இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர் பிரசங்கத்தில் கத்துகிறார், நம் ஆட்கள் யூதப் பண்டிகைக்குப் போகிறார்கள், எக்காளச் சத்தம் கேட்கப் போகிறார்கள் என்று. கிறிஸ்தவன் என்று பெயர் வாங்கிய ஒருவன், வழக்கில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைச் சத்தியம் செய்ய ஜெப ஆலயத்துக்கு இழுத்துப் போனதைத் தாமே பார்த்துத் தடுத்ததாகவும் சொல்கிறார். ஏன் அங்கே என்று கேட்டால், அங்கே செய்யும் சத்தியத்துக்குப் பயம் அதிகம் என்றானாம். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம், ஓய்வுநாளில் வேலைக்குப் போகாமல் இருக்கக்கூடாது, யூதரிடமிருந்து புளிப்பில்லாத அப்பம் வாங்கக்கூடாது என்று விதி போடுகிறது. யாரும் செய்யாததைத் தடைசெய்ய மாட்டார்கள் அல்லவா?

படிப்பதற்கு: முதல் தெசலோனிக்கேயர், கலாத்தியர், பிறகு மாற்கு, உடனே மத்தேயு, கடைசியில் திதாக்கே. பைபிளில் அச்சிட்டிருக்கும் வரிசையை மறந்துவிட்டு இப்படிப் படியுங்கள். திதாக்கே பதினாறே சின்ன அதிகாரங்கள், ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். மைத்துனரையும் மூப்பரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது. 11ஆம் அதிகாரத்தில், மூன்று நாள் தங்கும் அப்போஸ்தலன் கள்ளத் தீர்க்கதரிசி, கிளம்பும்போது பணம் கேட்டாலும் கள்ளனே என்று வருகிறது. அந்த இடத்தில் மூப்பர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்