ராலே சரி, எந்த ராலே?

கேள்வி: பரணில் பழைய சைக்கிள் பிரேம் ஒன்று கிடந்தது. ஸ்டிக்கர் எதுவும் மிஞ்சவில்லை. முன்னால் நாரைத் தலை போட்ட ராலே பேட்ஜ், கூடவே கியர் ஹப் உள்ள பின்சக்கரம். எந்த மாடல், எந்த வருடம்? பெயின்ட் அடிக்கக் கொடுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெயின்ட் பிறகு. உப்புத்தாள் போட்டுவிட்டால் பிரேம் எண்ணும் பழைய கோடுகளும் போய்விடும்.

பேட்ஜில் உள்ள ஊரைப் படியுங்கள். நாட்டிங்ஹாம் என்றால் இங்கிலாந்துச் சரக்கு. மேற்கு வங்கத்து ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனமும் இதே பெயரில் சைக்கிள் செய்தது. ஆனால் பேட்ஜைக் கழற்றி வேறு பிரேமில் பொருத்துவது ஒன்றும் பெரிய வேலையில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்து பிரேக். சீட்டுக்கு அடியில் பின் குறுக்குத் துண்டிலும் ஃபோர்க் தலையிலும் துளை இருந்தால் கேபிள் பிரேக் வண்டி. 26×1⅜ சக்கரமும் (ரிம் அளவு 590 மி.மீ.) சேர்ந்தால் ஸ்போர்ட்ஸ் வகை. அதே உடம்பில் ஃபோர்க்கில் சாவிப்பூட்டு இருந்தால் சூப்பர்ப். ராடு பிரேக், 28×1½ சக்கரம் (635 மி.மீ.) என்றால் கனமான டூரிஸ்ட்.

ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்துக் கியர் ஹப்பின் மேல் ‘64 9’ போல எண் இருக்கும்: 1964 செப்டம்பர். அது ஹப் பிறந்த மாதம், பிரேமுடையது அல்ல. சக்கரம் மாறியிருந்தால் கணக்கும் தப்பும்.

பிரேமைப் பற்றிப் பொய் சொல்லாதது மரைதான். ஃபோர்க் குழாயில் அரை அங்குலத்துக்கு (12.7 மி.மீ.) எத்தனை மரை என்று எண்ணுங்கள். 13 வந்தால், அதாவது அங்குலத்துக்கு 26 வந்தால், ராலே என்பதற்கு அது வலுவான அடையாளம். மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலும் 24. பெடல் அச்சு ஓடும் கூட்டைப் பாருங்கள். ராலேயின் சாதாரண மாடல்களில் அங்கும் 26 மரை, கூட்டின் அகலம் 71 அல்லது 76 மி.மீ. மற்றவர்களுடையது 24 மரை, 68 மி.மீ.; ராலேயின் விலையுயர்ந்த பந்தய மாடல்களும் அப்படியே. கடையில் கிடைக்கும் 24 மரைக் கப்பை (கூட்டின் இரு பக்கமும் திருகும் பேரிங் கிண்ணம்) 26 கூட்டில் முறுக்கி ஏற்றினால் இரண்டு சுற்றில் இறுகும்; மீறித் திருகினால் மரை போய்விடும், கூடு பாழ். வலப்பக்கக் கப் இடமுறை மரை. கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும்.

கேள்வி: ‘ரெனால்ட்ஸ் 531’ ஸ்டிக்கர் உள்ள பிரேம் விலைக்கு வருகிறது. நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 531 என்பது ரெனால்ட்ஸின் உயர்தர எஃகுக் குழாய்; ஆனால் அதன் ஸ்டிக்கர் புதிதாகவே கிடைக்கும். சீட் பில்லரைக் கழற்றி வெர்னியரில் அளக்கவும். 27.2 மி.மீ. என்றால் நல்ல அறிகுறி, 25.4 என்றால் பெரும்பாலும் தடித்த சாதாரணக் குழாய். குழாயின் வாய்ப்பிளவு நெருக்கிப் போயிருக்கும், அதனால் உள்ளளவை அளப்பதானால் பிளவுக்குக் கீழே, இரு திசையிலும். அசல் ஸ்டிக்கரிலும் ‘ஃபிரேம் டியூப்ஸ்’ என்று மட்டும் இருந்தால் 531 மூன்று பெரிய குழாய்களுக்குத்தான். ஃபோர்க்கும் பின்குழாய்களும் வேறு எஃகு. விலை பேசும்போது இதைச் சொல்லுங்கள்.